எல்லா எழுத்தையும் வாசித்தவர்: அத்தனாசியுஸ் கிர்ஷர் என்ற புதிர்

ரோம் நகரில் நவோனா சதுக்கத்தின் நடுவே பெர்னினி அமைத்த நான்கு ஆறுகளின் நீரூற்று இருக்கிறது. நைல், கங்கை, டான்யூப், பிளாத்தா ஆகிய நான்கும் ஆண் உருவங்களாகப் பாறைமேல் சாய்ந்திருக்கின்றன. அவற்றுக்கு மேலே ஓர் ஊசித்தூண் நிற்கிறது. தூணின் நான்கு முகங்களிலும் எகிப்தியச் சித்திர எழுத்துகள். போப் பத்தாம் இன்னொசென்ட் அதை அங்கே நிறுத்த முடிவுசெய்தபோது, அதில் எழுதியிருப்பது என்ன என்று சொல்லும் வேலை ஜெர்மனியிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1650இல் அவர் தம் விடையை ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் ஓடும் லத்தீன் நூலாக வெளியிட்டார். தூணில் இருப்பவை ஆதி எகிப்தியரின் மறைஞானம், தெய்வ ஆற்றல் உலகுக்கு இறங்கிவரும் படிநிலைகள், ஒசிரிஸின் அருள், தீய சக்திகளை விலக்கும் முறை என்று குறி குறியாக விளக்கினார்.

அந்தத் தூணின் எழுத்து ரோமப் பேரரசன் தொமீசியன் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் பொறிக்கப்பட்டது. அதில் இருப்பது அவனுடைய பெயரும் பட்டங்களும் புகழும்தான். பாதிரியார் வாசித்ததில் ஒரு வரிகூடத் தேறவில்லை.

அவர் பெயர் அத்தனாசியுஸ் கிர்ஷர். இவ்வளவோடு நின்றிருந்தால் அறிவு வரலாற்றின் அடிக்குறிப்பாக அவரை ஒதுக்கிவிடலாம். ஒதுக்கவிடாத செய்தி ஒன்று உண்டு. 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் சித்திர எழுத்துகளை உண்மையிலேயே வாசித்தபோது அவர் கையில் இருந்த முக்கியமான கருவி காப்டிக் மொழி. அந்த மொழியின் இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் முதன்முதலில் அச்சில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொடுத்தவரும் இதே கிர்ஷர்தான். ஒரே துறையில் ஒரே மனிதர் ஒரு பாதி முழுத் தவறாகவும் மறுபாதி அடித்தளமாகவும் எப்படி அமைந்தார்? முந்நூறு ஆண்டுகளாக இதற்குச் சொல்லப்பட்டுவரும் விடைகள் எனக்கு நிறைவளிக்கவில்லை. மோசடிக்காரர் என்றார்கள் சிலர். காலத்தின் கைதி என்றார்கள் சிலர். அண்மைக்காலத்தில் விசித்திரமான மேதை என்று கொண்டாடுகிறார்கள். அவர் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் வேறொரு ஒழுங்கு தெரிகிறது என்பதே என் எண்ணம். அவரை மறுத்துப் பேசக்கூடிய ஏதேனும் ஒன்று எதிரில் இருந்தபோதெல்லாம் அவர் வேலை நிலைத்திருக்கிறது. அப்படி எதுவும் இல்லாத இடத்தில் அது கரைந்துபோயிருக்கிறது.

கிர்ஷர் 1602இல் ஜெர்மனியின் ஃபுல்டா நகருக்கு அருகே கைசா என்ற சிற்றூரில் ஒன்பது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். 1618இல் இயேசு சபையில் சேர்ந்தார். முப்பதாண்டுப் போர் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அவருடைய இளமை முழுவதும் ஓட்டம். பாடர்போர்னிலிருந்து தப்பி ஓடும்போது உறைந்த ரைன் ஆற்றில் பனித்தளம் உடைந்து நீரில் விழுந்து பிழைத்தார். 1631இல் சுவீடன் படை வந்ததும் வூர்ட்ஸ்பர்க்கில் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு பிரான்ஸில் அவிஞ்ஞோனுக்கு ஓடினார். இடையில் 1628இல் ஸ்பெயர் நகர நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது ரோமாபுரி ஊசித்தூண்களின் படங்களைக் கண்டார். அழகுக்காகச் செதுக்கிய உருவங்கள் என்றே முதலில் நினைத்தார். எழுத்து என்று தெரிந்ததும் அதன் பிடியிலிருந்து அவரால் கடைசிவரை விடுபட முடியவில்லை.

அவிஞ்ஞோனுக்குப் பக்கத்தில் எக்ஸ் நகரில் பெயரெஸ்க் என்ற செல்வர் வாழ்ந்தார். நாணயம், சுவடி, கல்வெட்டுப் படி, விதை, விலங்கு என்று எதையும் சேர்ப்பவர். ஐரோப்பா முழுவதும் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். தம்மிடம் பாபிலோனைச் சேர்ந்த பராக்கியாஸ் என்ற யூத குருவின் அரபுச் சுவடி ஒன்று இருப்பதாகவும், சித்திர எழுத்தை விளக்கும் முறை அதில் இருப்பதாகவும் கிர்ஷர் சொன்னார். பெயரெஸ்க் ஆர்வத்தோடு கேட்டார். சுவடியோ எளிதில் வெளிவரவில்லை. கிர்ஷர் நாள் கடத்தினார். வியன்னாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது அதைத் தடுத்து அவரை ரோமில் வைத்துக்கொள்ளும்படி கர்தினால் ஃபிரான்செஸ்கோ பார்பெரினிக்கு எழுதி முயன்றவர் பெயரெஸ்க்தான். ஆனால் அவர் மனத்தில் அப்போதே ஐயம் விழுந்துவிட்டது. பிற்காலத்தில் கிர்ஷர் தம் பெருநூல்களில் பராக்கியாஸை அடிக்கடி சாட்சிக்கு அழைக்கிறார். பிறர் பார்த்துச் சரிபார்க்க முடியாத சாட்சி அது.

1633இன் இறுதியில் கிர்ஷர் ரோம் வந்து சேர்ந்தார். கலிலியோவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை, அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலையாக அமைந்தது. பியத்ரோ தெல்லா வல்லே என்ற ரோமானியப் பிரபு கீழை நாடுகளில் பல ஆண்டுகள் சுற்றியவர். எகிப்திலிருந்து அவர் கொண்டுவந்த சுவடிகளில் காப்டிக் மொழிக்கு அரபியில் எழுதப்பட்ட இலக்கணங்களும் காப்டிக்–அரபுச் சொற்பட்டியலும் இருந்தன. காப்டிக் அன்றைய எகிப்தில் வீட்டு மொழியாக இல்லை. கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் மட்டும் ஒலித்தது. வழிபாட்டு நூல்களைப் புரிந்துகொள்ள எகிப்தியக் கிறிஸ்தவ அறிஞர்களே நடுக்காலத்தில் எழுதிவைத்த துணைநூல்கள் இவை. தோமாஸ் ஒபிச்சீனி என்ற பிரான்சிஸ்கன் துறவி இவற்றை மொழிபெயர்க்கத் தொடங்கி 1632இல் இறந்துபோனார். வேலை கிர்ஷரிடம் வந்தது.

1636இல் முன்னோட்டமாக ஒரு நூல் வந்தது. இன்றைய காப்டிக் என்பது பரோவாக்கள் காலத்து எகிப்திய மொழியின் கடைசி வடிவம் என்று அதில் கிர்ஷர் வாதிட்டார். நமக்கு இது எளிய செய்தி. அன்றைக்கு அப்படியில்லை. காப்டிக் எழுத்து பார்வைக்குக் கிரேக்கம் போல இருக்கும்; கிரேக்க எழுத்துகளோடு பழைய எகிப்திய எழுத்திலிருந்து எடுத்த சில குறிகளும் சேர்ந்தது அது. சொற்களிலும் கிரேக்கம் ஏராளம். எகிப்தின் பழைய மொழி அடியோடு மறைந்துவிட்டது என்றும், காப்டிக் ஒரு கலப்பு மொழி என்றும் பலர் நினைத்திருந்தார்கள். அந்த மேற்பூச்சின் அடியில் பழைய மொழி உயிரோடு இருப்பதைக் கிர்ஷர் கண்டார். 1643–44இல் இலக்கணமும் சொற்பட்டியலும் முழுமையாக அச்சேறின. அதில் பிழைகள் உண்டு. அவருக்கு முந்தைய உழைப்பும் அதில் கலந்திருக்கிறது. கிரேக்க எழுத்தே எகிப்திலிருந்து பிறந்தது என்பது போன்ற சொந்தக் கொள்கைகளை அவர் இந்த ஆய்வுகளுக்குள் புகுத்தவும் செய்தார். ஆனால் சொற்பட்டியலில் ஒவ்வொரு காப்டிக் சொல்லுக்கும் எதிரே அரபுச் சொல் நின்றது. அரபு அறிந்தவர் ரோமில் இருந்தார்கள். கிர்ஷர் விரும்பினாலும் ‘ரொட்டி’ என்ற சொல்லை ‘உலகின் ஆன்மா’ என்று பெயர்க்க முடியாது. அந்தக் கட்டுப்பாடுதான் நூலைக் காப்பாற்றியது.

அடுத்த நூற்றாண்டுகளில் காப்டிக் கற்ற ஐரோப்பியர் எல்லாரும் இந்த நூல் தொடங்கிவைத்த பாதையில் நடந்தவர்கள். 1808இல் கத்ரமேர் என்ற அறிஞர் காப்டிக்–எகிப்திய உறவை வலுவான ஆதாரங்களோடு நிறுவினார். இளைஞர் ஷாம்போலியோன் காப்டிக்கில் எவ்வளவு ஊறியிருந்தார் என்றால், தனியே இருக்கையில் காப்டிக்கில்தான் பேசிக்கொள்வதாகத் தம் அண்ணனுக்கு எழுதினார். 1822இல், அரசர் பெயரை அடைக்கும் முட்டை வடிவ வளையம் ஒன்றைப் பார்க்கிறார். முதற் குறி வட்டம், சூரியன். காப்டிக்கில் சூரியனுக்குச் சொல் ‘ரே’. கடைசியில் இருமுறை வரும் குறி ‘ஸ்’ என்று ஏற்கெனவே தெரியும். நடுவில் உள்ள குறிக்கு, பிறப்பைச் சொல்லும் காப்டிக் சொல்லான ‘மிஸே’ கைகொடுக்கிறது. ராம்செஸ்! இந்த வாசிப்பில், ஒரே செய்தியை எகிப்திய எழுத்திலும் கிரேக்கத்திலும் தாங்கிய ரொசெட்டா கல் பாதி, காப்டிக் பாதி. ரொசெட்டா கல்லைப் பற்றி நம் பள்ளிப் பாடங்களில் படிக்கிறோம். அந்த மறுபாதியைப் பற்றிப் படிப்பதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அப்படியானால் காப்டிக்கை இவ்வளவு அறிந்த கிர்ஷர், அதையே திறவுகோலாக வைத்துச் சித்திர எழுத்தை ஏன் வாசிக்கவில்லை? இதுதான் அவரைப் பற்றிய கேள்விகளில் ஆழமானது. காரணம் அறிவுக் குறைவு என்று சொல்ல முடியாது. அந்த எழுத்து என்ன சொல்லும் என்பது, ஒரு குறியைக்கூட வாசிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பா எகிப்தைப் பற்றி இரண்டு கருத்துகளைக் கிரேக்க ஆசிரியர்களிடமிருந்து பெற்றிருந்தது. சித்திர எழுத்து ஒலிகளைக் குறிப்பதில்லை, கருத்துகளை நேராக மனத்துக்குக் காட்டும் அடையாளங்கள் அவை என்பது ஒன்று. ஹோரப்போலோ என்பவர் பெயரால் கிடைத்த நூல் ஒவ்வொரு விலங்குக்கும் பறவைக்கும் இப்படிப்பட்ட உட்பொருள் சொன்னது. மற்றொன்று, மோசேயின் காலத்தை ஒட்டி வாழ்ந்த ஹெர்மஸ் என்ற மாஞானி எகிப்தில் அனைத்து ஞானத்தையும் எழுதிவைத்தார் என்ற நம்பிக்கை. ஹெர்மஸ் பெயரில் வழங்கிய நூல்கள் கிறிஸ்துவுக்குப் பிந்தியவை என்று ஐசக் கசபோன் என்ற அறிஞர் அவற்றின் மொழிநடையை வைத்தே 1614இல் காட்டிவிட்டார். கிர்ஷரின் எகிப்தியப் பெருநூல் ‘ஈடிப்பஸ் எகிப்தியாக்குஸ்’ வெளிவந்தது 1652க்கும் 1655க்கும் இடையில். ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளி. கசபோன் சொன்னதை ஏற்றால் கிர்ஷரின் கட்டடம் முழுவதும் சரியும். அதனால் அவர் அதை ஏற்கவில்லை.

அவரை மன்னிக்க எனக்குக் கடினமாக இருக்கும் இடம் இது. கிடைக்காத தகவலுக்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ரொசெட்டா கல் மண்ணிலிருந்து வெளிவந்தது 1799இல்தான். கிடைத்த மறுப்பை எடைபோடாமல் தள்ளுவது வேறு. சித்திர எழுத்துகளில் முட்டை வடிவ வளையங்களுக்குள் அடைபட்ட குறித்தொகுதிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ரோமில் மினர்வா தேவாலயத்தின் முன் யானை சுமந்து நிற்கும் சிறு ஊசித்தூணில் அப்படி ஒரு வளையம் அப்ரியஸ் என்ற அரசன் பெயரைத் தருகிறது. ஒரு பெயர், அவ்வளவுதான். கிர்ஷர் அந்த ஒற்றைப் பெயரிலிருந்து ஒசிரிஸ், சடங்குகள், நைல் தரும் நன்மைகள் ஆகியவற்றைக் கோத்த நீண்ட வாக்கியம் ஒன்றை எடுத்தார். வேறு வாக்கியம் எடுத்திருந்தாலும் அவரை யாரும் தடுத்திருக்க முடியாது. எந்த வாசிப்பும் பொருந்தக்கூடிய ஒரு முறை எந்த வாசிப்பையும் நிறுவாது. வாசித்ததில் அவருக்கே ஐயம் வந்ததாக அந்த நூல்களில் சுவடே இல்லை.

ஆனாலும் அந்தப் பெருநூலைக் குப்பை என்று தள்ளுவதும் நியாயமில்லை. ரோமில் நின்ற தூண்களின் எழுத்துகளும், மம்மிப் பெட்டிகளும், சிறு தெய்வ உருவங்களும் படமாக வெட்டி அதில் அச்சிடப்பட்டுள்ளன. எகிப்துக்குப் போக வழியில்லாத காலத்தில் ஐரோப்பிய அறிஞர் ஒருவர் தம் மேசையிலிருந்தே எகிப்திய எழுத்தைப் பார்க்க அந்தப் படங்கள் வழிசெய்தன. படிகளில் பிழைகள் இருந்தன என்றாலும் பார்க்க வேறொன்று அதிகம் இல்லை.

சீனத்தைப் பற்றிய அவருடைய வேலை இதே பிளவை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 1620களில் சீனாவின் சியான் நகருக்கு அருகே ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.பி. 781இல் நிறுத்தப்பட்டது. சிரியாக் மரபுக் கிறிஸ்தவர்கள் தாங் அரசர் காலத்திலேயே சீனாவில் வாழ்ந்ததை அது பதிவுசெய்கிறது. சீன எழுத்தில் நீண்ட உரையும், சிரியாக் எழுத்தில் சில வரிகளும் குருமார் பெயர்களும் அதில் உள்ளன. கிர்ஷர் 1636 நூலிலேயே இதைப் பற்றி எழுதினார். 1667இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘சைனா இல்லுஸ்த்ராத்தா’வில் கல்வெட்டின் சீன மூலம், ஒவ்வொரு எழுத்தின் ஒலிப்பு, சொல்லுக்குச் சொல் லத்தீன் பொருள் எல்லாவற்றையும் அச்சிட்டார். சீனத்தில் ஊறிய போலந்துப் பாதிரியார் மிகாவ் போயிமும் சீனர்களும் இதில் துணைநின்றார்கள். சிரியாக் கிர்ஷருக்கே தெரியும். ஒரு நீண்ட சீன உரையை இவ்வளவு விரிவாக ஐரோப்பா அச்சில் கண்டது அதுவே முதல் தடவை.

இயேசு சபையினர் இட்டுக்கட்டிய போலிக் கல்வெட்டு என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். வால்தேரும் அவர்களில் ஒருவர். கல்வெட்டு இன்று சியான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உண்மைத்தன்மையை ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். இந்த வழக்கில் கிர்ஷர் சொன்னது சரி, பகுத்தறிவுக்குப் பேர்போன வால்தேர் சொன்னது தவறு. அதே நூலைச் சில பக்கங்கள் தள்ளிப் புரட்டினால், சீன எழுத்து நோவாவின் மகன் காமின் வழியில் எகிப்திலிருந்து போனது என்று கிர்ஷர் எழுதுகிறார். சீனம் அறிந்தவர் அருகில் இருந்து திருத்திய பகுதி நிற்கிறது. திருத்த ஆளில்லாத பகுதி விழுகிறது.

இந்த நூலில் இந்தியாவுக்கும் இடமுண்டு. ஆக்ராவில் பல ஆண்டுகள் தங்கி வடமொழி கற்ற ஹைன்ரிஷ் ரோத் 1664இல் ரோமுக்கு வந்தார். அவரிடமிருந்து கிர்ஷர் திருமாலின் அவதாரங்களைப் பற்றிய விவரங்களையும், தேவநாகரி எழுத்தைக் காட்டும் ஐந்து தகடுகளையும் பெற்று அச்சிட்டார். ஐரோப்பாவில் தேவநாகரி அச்சில் ஏறியது அப்போதுதான். (அதே இயேசு சபையின் அன்றீக்கே அன்றீக்கசு கொல்லத்தில் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தமிழ் எழுத்துருவாலேயே அச்சிட்டு எண்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நாம் நினைவில் வைக்கலாம்.) ரோத் வடமொழிக்கு லத்தீனில் முழு இலக்கணமே எழுதியிருந்தார். அது அச்சேறவில்லை. 1967இல் ரோம் நூலகத்தில் அந்தக் கைப்பிரதி மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. 1988இல்தான் நிழற்படிப் பதிப்பு வந்தது. ஐரோப்பாவில் அச்சான முதல் வடமொழி இலக்கணம் பவுலீனுஸ் பாதிரியாருடையது, 1790. ரோத்தின் உழைப்பு 1667இலேயே அச்சில் வந்திருந்தால் மொழிநூலின் வரலாறு நூறாண்டு முன்னதாகத் தொடங்கியிருக்கக்கூடும். எழுத்தின் உருவத்தில் இருந்த ஈர்ப்பு மொழியின் அமைப்பில் கிர்ஷருக்கு இருக்கவில்லை என்று இதைக் கொண்டு நான் கருதுகிறேன்.

பொதுமக்களிடம் கிர்ஷர் பெயர் பரவியது இவற்றால் அல்ல. ரோமாபுரிக் கல்லூரியில் 1651இல் உருவான அவருடைய காட்சியகம்தான் அவரைப் புகழ்பெறச் செய்தது. ரோமுக்கு வரும் இளவரசர்களும் அறிஞர்களும் அதைப் பார்க்காமல் போவதில்லை. காந்தக் கடிகாரங்கள், தானே இசைக்கும் கருவிகள், ஊசித்தூண்களின் மாதிரிகள், விலங்கு எலும்புகள் எல்லாம் இருந்தன. சுவருக்குள் ஓடும் குழாய் வழியாகத் தம் அறையிலிருந்தே பேசி, அசரீரி கேட்பதுபோல் பார்வையாளரைத் திகைக்க வைத்தார். பூனைகளின் வாலைக் குத்தி இசை எழுப்பும் கருவி ஒன்றை அவர் கட்டியதாக இன்றும் எழுதுகிறார்கள். 1650இல் வந்த இசை நூலில் அவர் அதைப் பற்றிச் சொல்கிறார், கட்டினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. 1638இல் வெசூவியஸ் எரிமலை வாய்க்குள் இறங்கிப் பார்த்தது மட்டும் உண்மை.

அவர் காட்சியகத்துக்கு வந்த பொருள்களில் நமக்கு நெருக்கமானது இந்தியாவிலிருந்து போன விஷக்கல். பாம்புக் கடிவாயில் வைத்தால் ஒட்டிக்கொண்டு நஞ்சை உறிஞ்சும் என்ற நம்பிக்கை நம்மூரில் இன்றும் உண்டு. விரியன் கடித்த நாயின்மேல் அந்தக் கல்லை வைத்துப் பார்த்ததாகவும் நாய் பிழைத்ததாகவும் கிர்ஷர் எழுதினார். ஃபிளாரன்ஸில் மருத்துவராக இருந்த ஃபிரான்செஸ்கோ ரெடி அத்தகைய கற்களைப் பலமுறை சோதித்தார், பலனில்லை. 1671இல் தம் முடிவுகளைக் கிர்ஷருக்கே எழுதிய கடித வடிவில் நூலாக வெளியிட்டார். மரியாதை குறையாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைகளை அடுக்கிச் சொல்லும் நூல் அது. கிர்ஷர் நேராக விடை சொல்லவில்லை. அவருடைய சீடர் பெத்ரூச்சி 1677இல் குருவுக்காக ஒரு தற்காப்பு நூல் எழுதினார். ஒரு நாய் பிழைத்தால் போதும் என்பதற்கும், பலமுறை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கும் இடையே அந்தத் தலைமுறையில் விழுந்த பிளவை இந்த ஒரு வழக்கிலேயே காணலாம்.

உலகப் பொதுமொழிக் கனவும் அவருக்கு இருந்தது. 1663இல் வெளியிட்ட நூலில் லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் ஆகிய ஐந்து மொழிகளின் சொற்களை அட்டவணைகளாக்கி எண் கொடுத்தார். எண்ணை எழுதி அனுப்பினால் பெறுபவர் தம் மொழியில் படித்துக்கொள்ளலாம். இலக்கண வேறுபாடுகளுக்குத் தனிக் குறிகள் வேண்டியிருந்தன. அங்கேதான் திட்டம் தடுமாறியது. 1679இல் பாபேல் கோபுரத்தைப் பற்றி எழுதினார். சந்திரனை எட்டும் கோபுரம் கட்டினால் அதன் எடை பூமியையே அதன் இடத்திலிருந்து பெயர்த்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த இரண்டிலும் நான் அதிகம் தங்க விரும்பவில்லை. முதலாவதை உம்பர்ட்டோ எக்கோ விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் வாசித்தவர் என்று பேரெடுத்த இவரிடம் ஒருமுறை வாசிக்கவே முடியாத சுவடி ஒன்று வந்தது. பிராக் நகரில் வாழ்ந்த கியோர்க் பரேஷ் என்ற ரசவாதி, தம்மிடமிருந்த விளங்காத நூலிலிருந்து சில பக்கங்களைப் படியெடுத்து 1637இல் கிர்ஷருக்கு அனுப்பினார். காப்டிக்கைப் பற்றிய முன்னோட்ட நூலைக் கேள்விப்பட்டதால் வந்த நம்பிக்கை. 1639 மார்ச்சில் பிராக்கில் இருந்த மொரேத்துஸ் என்ற சபைத் தோழருக்குக் கிர்ஷர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. அந்த எழுத்தைத் தம்மால் இன்னும் அவிழ்க்க முடியவில்லை, மனம் கூடும்போது மறுபடி பார்ப்பேன் என்கிறார் அதில். பரேஷ் இறந்தபின் சுவடி மார்சி என்ற அறிஞருக்குப் போய், 1665 அல்லது 1666இல் அவரே அதைக் கிர்ஷருக்கு அனுப்பிவைத்தார். அதன்பின் கிர்ஷர் அதைப் பற்றி அச்சில் எதுவும் சொல்லவில்லை. 1912இல் ரோமுக்கு அருகே ஃபிராஸ்காத்தியில் இயேசு சபையிடமிருந்து வில்ஃப்ரிட் வாய்னிச் என்ற பழம்புத்தக வணிகர் அதை வாங்கினார். இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வாய்னிச் சுவடி அதுதான். அதன் தோல் ஏடுகள் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்று கரிமக் கணிப்பு சொல்கிறது. எழுத்தை இன்றுவரை யாரும் வாசிக்கவில்லை.

கிர்ஷரை மோசடிக்காரர் என்று சொல்பவர்கள் இந்த மௌனத்துக்கு விளக்கம் தர வேண்டும். விருப்பம்போல் வாசித்துவிட்டுப் புகழ் வாங்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை. மார்சியும் பரேஷும் அதைக் கைகூப்பி வாங்கியிருப்பார்கள். ஆனால் அந்தச் சுவடி எந்த நாட்டின் எந்த ஞானம் என்ற முன்முடிவு அவரிடம் இல்லை. எகிப்தைப் பற்றி இருந்தது. தெரியாது என்று சொல்லும் நேர்மை அவருக்கு எப்போதும் இருந்தது, முன்முடிவு அதை மூடாத இடங்களில் வெளிப்பட்டது என்றே நான் கொள்கிறேன்.

இந்த நுணுக்கத்தை அவரை மதிப்பிட்டவர்கள் பெரும்பாலும் பார்க்கவில்லை. தெக்கார்த் ஒரு கடிதத்தில் அவரை அறிஞர் என்பதைவிடப் பகட்டுக்காரர் என்று சொல்வதே பொருந்தும் என்று தீர்ப்பளித்தார். 1715இல் மென்கே என்ற ஜெர்மானியர், படித்தவர்களின் போலித்தனத்தைச் சாடும் நூலில் ஒரு கதை சொல்கிறார்: பொருளற்ற கிறுக்கல்களை ஆந்திரேயாஸ் மியூலர் எகிப்திய எழுத்து என்று அனுப்ப, கிர்ஷர் அதற்கும் விளக்கம் எழுதினாராம். கிர்ஷர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சொல்லப்பட்ட கதை இது. வாய்னிச் சுவடி கைக்கு வந்தபோது அவர் நடந்துகொண்ட விதத்தோடு அது பொருந்தவில்லை. 19ஆம் நூற்றாண்டு எகிப்தியவியலாளர்கள் ஷாம்போலியோனின் வெற்றியை உயர்த்திக்காட்ட இவரைக் கறுப்புப் பின்னணியாக ஆக்கிக்கொண்டார்கள்.

1961இல் எரிக் ஐவர்சன் எகிப்தைப் பற்றிய ஐரோப்பியக் கற்பனைகளின் வரலாற்றை எழுதியபோது கிர்ஷருக்கு உரிய இடம் கிடைக்கத் தொடங்கியது. பின்னர் ஜாசலின் காட்வின், பௌலா ஃபிண்ட்லன் போன்றோர் எழுதினார்கள். எக்கோ தம் நாவல் ஒன்றில் அவர் சாயலில் ஒரு பாதிரியாரைப் படைத்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் விசித்திரங்களுக்கென்றே இருக்கும் அருங்காட்சியகத்தில் அவருக்கு ஒரு பகுதி உண்டு. 2013இல் டேனியல் ஸ்டோல்சன்பர்க் எகிப்தியப் பெருநூலின் மூலங்களைத் தேடிச் சென்று, எந்த மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று நிறுவினார். இவற்றில் எனக்குப் பயன்பட்டவை ஐவர்சனும் ஸ்டோல்சன்பர்க்கும். மற்ற கொண்டாட்டங்கள் பலவற்றில் கிர்ஷர் இனிய கோமாளியாகச் சுருங்கிவிடுகிறார். பூனைப் பியானோவைச் சொல்லிச் சிரிப்பவர் காப்டிக் சொற்பட்டியலைத் திறந்து பார்க்க மாட்டார். பகட்டுக்காரர் என்று தள்ளியவர்களும் அதைத் திறக்கவில்லை.

1680 நவம்பர் 27 அன்று கிர்ஷர் ரோமில் காலமானார். அடுத்த நாள் பெர்னினி இறந்தார். காட்சியகம் 1773இல் சபை கலைக்கப்பட்டபோதும், பின்னர் இத்தாலிய அரசு கல்லூரியை எடுத்துக்கொண்டபோதும் சிதறிப்போனது. அவருக்கு வந்த கடிதங்கள் தப்பின. சுமார் 2,000 கடிதங்கள் ரோமின் கிரெகோரியன் பல்கலைக்கழகத்தில் உள்ளன. கோவாவிலிருந்தும் பீக்கிங்கிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் நேரில் கண்டவர்கள் எழுதியவை அவற்றில் இருக்கின்றன. கிர்ஷர் அவற்றைக் கொண்டு கட்டிய கொள்கைகள் போய்விட்டன. கடிதங்கள் ஆவணங்களாக நிற்கின்றன.

இந்த வேறுபாடு நமக்குத் தொலைவில் நடந்த கதை இல்லை. அதே இயேசு சபையைச் சேர்ந்த ஹென்றி ஹெராஸ் 1922இல் பம்பாய்க்கு வந்தவர். சிந்துவெளி எழுத்தின் மொழி ஆதி திராவிடம் என்று கொண்டு ஏராளமான முத்திரைகளை வாக்கிய வாக்கியமாக வாசித்து 1953இல் பெருநூல் வெளியிட்டார். மீன் குறி விண்மீனைக் குறிக்கலாம் என்ற அவருடைய ஊகம் இன்றும் பேசப்படுகிறது. அந்த வாக்கியங்களை இன்று யாரும் ஏற்பதில்லை. எதிரே நின்று மறுக்க இருமொழிக் கல்வெட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. அவரைத் தொடர்ந்து அதே எழுத்தைத் தமிழாகவும் வடமொழியாகவும் வாசித்துக் காட்டியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறார்கள். ஐராவதம் மகாதேவனும் சில குறிகளுக்குத் திராவிட வாசிப்புகளை முன்வைத்தார். அவற்றைப் பற்றி விவாதம் தொடர்கிறது. ஆனால் அதற்கு முன் அவர் செய்த வேலை வேறு. கிடைத்த முத்திரை எழுத்துகளையெல்லாம் தொகுத்து, 417 குறிகளாக வகுத்து, எந்தக் குறி எந்தக் குறிக்கு முன்னும் பின்னும் வருகிறது என்ற அட்டவணைகளோடு 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வழியாக வெளியிட்டார். அவர் வாசிப்பை மறுப்பவர்களும், அது எழுத்தே இல்லை என்று வாதிடுபவர்களும்கூட அவருடைய குறி எண்களையோ, இதேபோல் குறிகளைத் தொகுத்த ஆய்வாளர் அஸ்கோ பர்ப்போலாவின் குறி எண்களையோ சொல்லித்தான் தங்கள் கட்டுரைகளை எழுதுகிறார்கள்.